தெரியுதுன்னு சொன்ன காலு

எங்க வூட்டு வாசல்ல நிக்கிற மூணு சக்கர பைக்கப் பார்த்துட்டு ரோட்டுல போறவங்க நின்னு எறங்கி வராங்க. பெரிய பைக்கு அது. முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ரெண்டு. எங்க செஞ்சது, ரிவர்ஸ் போவுமா, மைலேஜு எவ்ளோ குடுக்குது, இதையேதான் எல்லாரும் கேக்குறாங்க. யாரு ஓட்டுறாங்கன்னு கேட்டா மட்டும் நான் உள்ள போயிடுவேன். என் வூட்டுக்காரரு ஓட்டுனது. அவரு செத்து இன்னும் வருசம் திரும்பல.

கம்மாபுரம் பக்கத்துலேருந்து ஒரு பையன் இந்த வண்டியக் கேட்டு வந்திருக்கான். பேரு கதிரு. புளிய மரத்துலேருந்து வுழுந்து இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போயிடுச்சு. வண்டியத் தரேன்னு சொன்னவளே நான்தான். ஆனா சாவிய இன்னும் குடுக்கல. அவங்கம்மாவுக்கு எம்மேல கோவம். ஏன் குடுக்கலன்னு சொல்லத்தான் இத எழுத ஒக்காந்தேன். அவங்களுக்கு மட்டும் இல்ல, வூட்டுல காலு வராத ஆள வெச்சுப் பாத்துக்கிற எல்லாருக்கும். நான் ஒம்பதாவதோட நின்னவ. பேசுறாப்லதான் எழுத வரும்.

அவர நான் மாமான்னு கூப்புடுவேன். எங்க அத்தை மவன். பேரு பழமலை. எங்க ஊருல கோயிலுக்கு நேந்துகிட்டுப் பொறந்த ஆம்பளைக்கெல்லாம் அந்தப் பேருதான். கோயிலு வாசல்ல நின்னு பழமலைன்னு கூப்புட்டா பத்து பேரு திரும்புவாங்கன்னு மாமாவே சிரிக்கும்.

நான் விருத்தாசலத்துல ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில வேலை செய்யிறேன். அச்சுலேருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில ரெண்டு பக்கமும் சேர்ற எடத்துல ஒரு கோடு நிக்கும். அத ஈர ஸ்பாஞ்சு வெச்சுத் தொடைக்கிறது என் வேலை. தொடைக்கும்போதே வெரலால தடவிப் பார்ப்போம். மயிரு மாதிரி ஒரு கீறலு இருந்தாலும் சூளையில வெடிச்சிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலு வெரலுக்குத் தெரியும். இத நான் பெருமைக்குச் சொல்லல. ஏன் சொல்றேன்னு பின்னாடி புரியும்.

மாமா லோடு ஆட்டோ ஓட்டுச்சு. எங்க கம்பெனி பொம்மைய வைக்கோல் வெச்சுக் கட்டி ஸ்டேஷனுக்கும் லாரி ஆபீசுக்கும் கொண்டு போவும். அது பொழப்புக்கு. உசிரு பூராவும் பைக்கு மேலதான். மங்கலம்பேட்டையில அன்சாரி அண்ணன்னு ஒருத்தரு, வெளிநாட்டுல இருந்துட்டு வந்து பேட்டரிக் கடை வெச்சிருக்காரு. ரெண்டு பேரும் லீவு கெடச்சா கெளம்பிடுவாங்க. ஏற்காடு, ஒகேனக்கல், தனுஷ்கோடி. மாமா போயிட்டு வந்தா மூஞ்சி கருத்து, கண்ணு மட்டும் செவந்து, அத்தை அடையாளம் தெரியாத மாதிரி நடிக்கும். "யாருப்பா நீயி, எம் மவன் வூட்டுல இல்ல, பொறவு வா."

கல்யாணமான புதுசுல என்னையும் ஒரு தடவ கூட்டிகிட்டுப் போச்சு. தரங்கம்பாடி. நாங்க போயிச் சேர்றப்ப வெயிலு ஏறிப்போச்சு. "சூரியன் கடலுலேருந்து வர்றப்ப பாக்கணும் புள்ள, அடுத்த தடவ இருட்டோட கெளம்பிடுவோம்"னுச்சு. சரின்னேன். அந்த அடுத்த தடவதான் எங்க கதை பூராவும்.

*

மொதல்ல கால் அடியிலதான் ஆரம்பிச்சுது. "மணலு ஒட்டிகிட்டு இருக்காப்ல இருக்குது, கழுவியும் போவல"ன்னுச்சு. சூடுன்னு நெனச்சு வெந்தயம் ஊறவெச்சுக் குடுத்தேன். மறுநாளு இடுப்பச் சுத்தி பெல்ட்டு போட்டு இறுக்குனாப்ல இருக்குதுன்னுச்சு. அதுக்கும் ஏதோ வாயுன்னுதான் நெனச்சோம். அப்பறம் ஒண்ணுக்குப் போவ வரல. வவுறு உப்பிகிட்டு கல்லாட்டம் ஆயிடுச்சு. பைக்க எடுத்துகிட்டு நானே டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்னு வாசல்ல எறங்குன ஆளு வண்டி மேல காலத் தூக்கிப் போட முடியாம நின்னுச்சு. என்னப் பார்த்துச் சிரிச்சுது. "காலு தூங்குது புள்ள." அப்பிடியே வாசல்லயே மடங்கி ஒக்காந்துடுச்சு.

ஊரு ஆஸ்பத்திரியில ட்யூபு போட்டு ஒண்ணுக்க எடுத்துட்டு, இங்க வெச்சுகிட்டு இருக்காதீங்க, பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்கன்னு ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்புனாங்க. அங்க பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்குற ரூமுக்கு வெளிய ஒக்காந்திருந்ததுதான் எனக்கு இன்னும் கனவுல வருது. உள்ள குழாய் மாதிரி ஒரு மெசினு. அதுக்குள்ள ஆள வுட்டு கடகடன்னு சத்தம். மாமா வெளிய வந்து, "நம்ம ஊரு மண்ணு அரைக்கிற மில்லுக்குள்ள படுத்திருந்தாப்ல இருந்துச்சு"ன்னுச்சு. முதுகெலும்புக்கு நடுவுல ஊசி வுட்டு தண்ணி எடுத்தாங்க. எடுத்த பொறவு தலையத் தூக்காமப் படுத்திருக்கணும். படுத்துகிட்டே சோறு ஊட்டுனேன். பக்கத்து பெட்டுல இருந்த அம்மா, நெய்வேலிக்காரங்க, அவங்க பிள்ளைக்கு வாங்குன வளையிற ஸ்ட்ராவ எனக்குக் குடுத்தாங்க. அந்த ஸ்ட்ராவுல ரசத்தக் குடிக்க வெச்சேன். அவங்க பேரக்கூட நான் கேட்டு வெச்சுக்கல.

டாக்டரு சின்ன வயசு. ஒரு சீட்டுல படம் போட்டு சொன்னாரு. முதுகெலும்புக்குள்ள மூளையிலேருந்து எறங்குற கத்தை ஒண்ணு இருக்குதாம், தண்டுவடம். அதுல நடுவுல வீங்கிப் போச்சாம். கிருமிய எதுத்து சண்டை போடுறதுக்கு ஒடம்புல ஒரு படை இருக்குதில்ல, அது ஆளு தெரியாம சொந்த நரம்பையே அடிச்சிடுச்சாம். கரண்டு வயரு மேல ரப்பரு உருகிட்டா எப்பிடி, அந்த மாதிரின்னாரு. மேலேருந்து சொல்றது காலுக்குப் போவாது. காலுல நடக்குறது மேல தெரியாது.

"காலு வராதுங்கிறது பாக்குறவங்களுக்கே தெரியும்மா. கால்ல தொட்டா தெரியாதுங்கிறதுதான் பெரிய வெனை. சூடு, குத்து, அழுத்தம் எதுவும் அவருக்குத் தெரியாது. நீங்கதான் அவருக்குக் கண்ணு"ன்னாரு.

அப்ப தலைய ஆட்டுனேன். எனக்கு அப்ப காலு வருமா வராதாங்கிறதுதான் கேக்கணும்னு இருந்துச்சு. அத கேட்டேன். ஆறு மாசம், ஒரு வருசம் பாப்போம், செலருக்கு வருது, செலருக்கு வர்றதில்லன்னாரு. வீக்கம் எறங்க ஸ்டீராய்டு மருந்து பாட்டிலோட சேர்த்து ஏத்துனாங்க. காப்பீட்டு அட்டையில பாதி ஓடுச்சு, மீதிக்கு என் தோடு போச்சு. அத்தை தன் மூக்குத்தியக் கழட்டிக் குடுத்துட்டு, "மூக்குல ஈர்க்கு வெச்சுக்கிறேன், ஓட்டை அடைஞ்சா போவப் போவுது"ன்னுச்சு.

காலையில டாக்டருங்க வர்றப்ப ஒரு பரிச்சை நடக்கும். மாமாவ கண்ண மூடச் சொல்லுவாங்க. பஞ்சால கால்ல தொடுவாங்க, குண்டூசியால லேசாக் குத்துவாங்க. தெரியுதான்னு கேப்பாங்க. மாமா தெரியலன்னு சொல்லும். ஒவ்வொரு தடவயும் தெரியலன்னு சொல்றப்ப நான் கட்டில் கம்பியப் புடிச்சுக்குவேன். ஒரு நாளு மாமா, "கட்ட வெரலுகிட்ட தெரியுது"ன்னுச்சு. டாக்டரு இன்னொரு தடவ தொட்டுப் பார்த்தாரு, எழுதிகிட்டாரு. நான் சிரிச்சேன். பாத்ரூமுக்குப் போயி அழுதுட்டும் வந்தேன். அன்னிக்கு மாமாவும் ரெண்டு இட்டிலி கூடத் தின்னுச்சு.

வூட்டுக்கு அனுப்புறப்ப பயிற்சி குடுக்குற சிஸ்டர் ஒருத்தங்க ஒரு சின்னக் கண்ணாடியக் குடுத்தாங்க. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, கால் அடி, குதிகாலு, கணுக்காலு எல்லாத்தையும் கண்ணாடி வெச்சுப் பாருங்க, செவப்பு இருந்தா உடனே வாங்கன்னாங்க. திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாங்க, இல்லன்னா அழுத்தி அழுத்திப் படுக்கைப் புண்ணு வந்துடும்னாங்க. எல்லாம் செஞ்சேன். தெனமும் கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். பார்த்துட்டு வெரலால தொட்டு, "கண்ண மூடிக்க மாமா, தெரியுதா?"ன்னு கேப்பேன்.

"தெரியுது."

"எங்க?"

"குதிகாலு."

சரியாச் சொல்லும். மொதல்ல கட்ட வெரலு, அப்பறம் குதிகாலு, அப்பறம் முட்டி வரைக்கும். காலு அசையல, ஆனா தெரியுது. அத்தை பழமலைநாதருக்கு வெளக்கு போட்டுட்டு வந்துச்சு. தெரியுதுன்னு சொல்ற கால எதுக்குக் கண்ணாடி வெச்சுப் பாக்கணும். கண்ணாடி மாடத்துக்குப் போயிடுச்சு. அதுல நான் பொட்டு வெச்சுகிட்டேன்.

*

வூட்டுல படுத்துகிட்டு மாமா ஜன்னல் வழியா பைக்கயே பாக்கும். தூசி படிஞ்சா என்னத் தொடைக்கச் சொல்லும். வித்துடலாம்னு அத்தை சொன்னப்ப சோத்துத் தட்டத் தள்ளி வுட்டுச்சு. அன்சாரி அண்ணன்தான் ஒரு நாளு வந்து ஃபோன்ல வீடியோ காட்டுனாரு. "டேய் பழமலை, வெளிநாட்டுல கெழவனுங்கல்லாம் இதுலதான்டா மலை ஏறுறானுங்க. மூணு சக்கரம். கீழ வுழாது."

"எனக்கு கெழவன் வண்டி வேணாம்ணே."

"நீ இப்ப கெழவனவிட மோசம்டா. அவனுக்காவது ஒண்ணுக்குத் தானா போவத் தெரியும்."

நான் அடுப்படியில இருந்து பதறிப்போயி எட்டிப் பார்த்தேன். மாமா வுழுந்து வுழுந்து சிரிச்சிகிட்டு இருந்துச்சு. நோவு வந்த பொறவு அப்பிடிச் சிரிச்சு நான் பாக்கல.

உளுந்தூர்பேட்டை ரோட்டுல ஒரு பட்டறைக்காரரு செஞ்சு குடுத்தாரு. பின்சக்கரத்தக் கழட்டிட்டு, லோடு ஆட்டோவுக்கு இருக்குற மாதிரி ஒரு அச்சு வெச்சு, ரெண்டு பக்கமும் சக்கரம். கால்ல போடுற கியருக்குப் பதிலா கையில ஒரு தடி. கால் பிரேக்கும் கைக்கு வந்துடுச்சு. முதுகு சாய ஒரு சீட்டு, இடுப்புக்கு பெல்ட்டு. காலு வெக்க அகலமா ஒரு பலகை, அதுல வார் வெச்சுக் கட்டிக்கலாம். அச்சு வந்து ஒக்காந்ததுல சைலன்சருக்கு எடம் பத்தல. அதக் கொஞ்சம் வளைச்சு, வலது கால் பலகை ஓரமா கொண்டு போனாரு. ஆர்டிஓ ஆபீசுல காட்டி வண்டி புக்குல மாத்தி எழுதி வாங்கற வரைக்கும் அன்சாரி அண்ணன் கடைய மூடிட்டு அலைஞ்சாரு.

மாமாவுக்கு ஒடம்பு தேறுற வரைக்கும்னு மொதல்ல நான்தான் ஓட்டக் கத்துகிட்டேன். பீங்கான் கம்பெனிங்களுக்குப் பின்னாடி உடைஞ்ச சாமானெல்லாம் கொட்டிக் கெடக்குற பொட்டல்ல. மாமா சக்கர நாற்காலியில ஒக்காந்துகிட்டு கத்தும். ரெண்டு சக்கர வண்டியில வளைவு வந்தா ஒடம்பு தானா சாயும், வண்டியும் சாயும். இது சாயாது. நான் ஒடம்பச் சாய்ச்சுட்டு திரும்பும்னு பார்த்தா, வண்டி அது பாட்டுக்கு நேராப் போயி வேலியில நின்னுச்சு.

"என்னா புள்ள, ஆட்டுக்குத் தழை காட்டவா போன?"

"திரும்ப மாட்டேங்குது மாமா."

"சாய்ஞ்சா திரும்ப அது என்ன சைக்கிளா. ஹேண்டில இழுத்துத் திருப்பு. மாடு புடிக்கிறாப்ல புடி."

இன்னொண்ணு காலு. நிறுத்துனா காலத் தரையில ஊனுறது நம்ம ரத்தத்துலயே ஊறிப்போச்சு. இதுல ஊனக் கூடாது. பின்சக்கரம் அகலமா பின்னாடியே வருது, ஊனுன பாதத்து மேல ஏறிடும். எனக்கு ரெண்டு தடவ செருப்பு மேல ஏறிச்சு. வண்டிய நிறுத்திட்டு ஸ்டாண்டத் தேடி காலால தடவுவேன். ஸ்டாண்டே கெடையாது. கம்பெனி பொம்பளைங்கல்லாம் வேலை வுட்டுப் போறப்ப நின்னு சிரிப்பாங்க. பள்ளம் வேற. முன்சக்கரத்த ஒதுக்கித் தப்பிச்சிட்டோம்னு நெனச்சா பின்சக்கரம் ஒண்ணு போயி எறங்கும்.

மாமாவுக்கு அந்த தொந்தரவெல்லாம் இல்ல. காலத் தரையில ஊனணும்னு தோணாதே. ஏறி ஒக்காந்து பெல்ட்டப் போட்டுகிட்டு ஒரே நாளுல எட்டு போட்டுக் காட்டுச்சு. "பார்த்தியா, காலு இல்லாதது எவ்ளோ வசதி"ன்னுச்சு. அன்சாரி அண்ணன் திரும்பிகிட்டு மூக்கத் தொடைச்சாரு.

வண்டியப் பாத்துக்கிறது என் வேலையாச்சு. ரெண்டு பின்சக்கரத்துலயும் காத்து ஒரே அளவா இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கமா இழுத்துகிட்டே போவும். அச்சுல கிரீஸ் வெக்கணும். நட்டெல்லாம் சும்மா சும்மா லூசாவும், ஸ்பானர் வெச்சு முறுக்கணும். பிரேக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாப் புடிக்குதான்னு ரோட்டுல டயரு இழுத்த கோட்டப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். வெரலால தடவியே எங்க நெளிஞ்சிருக்குது, எங்க கீறலுன்னு கண்டுபுடிச்சுடுவேன். பட்டறைக்காரரே, "பாப்பா, நீ எங்கிட்ட வேலைக்கு வந்துடு"ன்னாரு.

கண்ணாடி மாடத்துலயே இருந்துச்சு. வண்டியத்தான் தெனம் தடவிப் பார்த்தேன்.

*

தை முடியிற சமயம், பனி இருந்துச்சு. இருட்டோட கெளம்புனோம். தரங்கம்பாடி. மாமா ஓட்டுது, நான் பின்னாடி, அன்சாரி அண்ணன் அவரு பைக்குல. கெளம்புறப்ப காத்து பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன், பிரேக்கு பார்த்தேன், லைட்டு பார்த்தேன். மாமா காலப் பலகையில வெச்சு வாரக் கட்டுனேன். வலது பக்க வாரு பழசாயி இழுத்து இழுத்து நீண்டு போயிருந்துச்சு. "இறுக்கமா இருக்குதா மாமா?"ன்னேன். "இருக்குது, தெரியுது, கெளம்பு"ன்னுச்சு.

சேத்தியாத்தோப்பு தாண்டி ரோடு மோசம். குதிச்சு குதிச்சுப் போனோம். ஒரு எடத்துல எனக்கு கருகுற வாசனை அடிச்சுது. மாமா தோள்ல தட்டினேன். நிறுத்துனோம். அன்சாரி அண்ணனும் திரும்பி வந்தாரு. பிரேக்கு புடிச்சுகிட்டு இருக்குதான்னு பார்த்தோம். வயரு ஏதாவது உருகுதான்னு சீட்டத் தூக்கிப் பார்த்தோம். டீக்கடையில நின்ன ரெண்டு பேரு வந்து அவங்களும் பார்த்தாங்க. கிளட்ச்சு தேயுதுன்னு ஒருத்தரு சொன்னாரு. ஆளாளுக்கு வண்டியத்தான் மோந்து பார்த்தோம். மாமா மேல ஒக்காந்துகிட்டு, "ஒண்ணும் இல்லண்ணே, சூரியன் வந்துடும், கெளம்புங்க"ன்னு அவசரப்படுத்துச்சு.

நாங்க போய்ச் சேர்றப்ப சூரியன் பாதிதான் வெளிய வந்திருந்துச்சு. கோட்டைக்குப் பக்கத்துல மணலு ஓரமா வண்டிய நிறுத்துனோம். மாமா பெல்ட்ட அவுக்காம ஒக்காந்து பார்த்துச்சு. பின்னாடி கைய நீட்டுச்சு, நான் புடிச்சுகிட்டேன். எங்க கல்யாணத்துக்குக்கூட மாமா அப்பிடிக் கையப் புடிக்கல. அந்த ஒரு காலைப்பொழுதுதான் எனக்கு மிச்சம்.

மணல்ல எறக்கி ஒக்கார வெச்சு, கடல் தண்ணியில கால நனைக்கலாம்னு பேன்ட்ட மடிச்சு வுட்டேன். வலது கணுக்காலுக்கு மேல பேன்ட்டுத் துணி தோலோட ஒட்டியிருந்துச்சு. கால் வாருக்குள்ளேருந்து நழுவி சைலன்சர்ல சாஞ்சுகிட்டே வந்திருக்குது. புண்ணு செவப்பாக்கூட இல்ல. வெள்ளையா, வெந்த மாதிரி. எம் பொம்மை மாதிரி. மாமா எட்டிப் பார்த்துச்சு.

"வலிக்கலையே"ன்னுச்சு.

வலிக்கலைங்கிறதாலதான் நாங்க ஏமாந்தோம். வலிக்கிற புண்ணுக்குத்தான் நம்ம ஓடுவோம். வலி இல்லாத தீப்புண்ணு ரொம்ப ஆழமான புண்ணுன்னு எங்களுக்குத் தெரியாது. சிதம்பரத்துல மருந்துக்கடையில களிம்பு வாங்கித் தடவிகிட்டு வூட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு நான் சொன்னேன். போனா வண்டி ஓட்டக் கூடாதுன்னுடுவாங்கன்னு மாமா வேணாம்னுச்சு. நானும் வுட்டுட்டேன். கட்டு மாத்துனேன், நல்லாதான் இருக்குதுன்னு நெனச்சேன். ஒரு நாளு குளிரு வந்து பல்லு அடிச்சுது. காலு முட்டி வரைக்கும் பளபளன்னு வீங்கிடுச்சு.

திரும்பவும் பாண்டிச்சேரி. அதே ஆஸ்பத்திரி, வேற வார்டு. புண்ணுல பூந்த கிருமி ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. அப்பிடிக் கலந்தா ஒரு எடத்துல நிக்காதாம், கிட்னி, நெஞ்சு, எல்லாத்தையும் போயித் தொடுமாம். ரத்தத்துல கிரியாட்டினின்னு ஒண்ணு பார்த்தாங்க. கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு அது, ஏற ஏற கிட்னி நிக்குதுன்னு அர்த்தம். தெனம் ஏறிகிட்டே போச்சு. கால எடுத்துடலாம்னு பேசுனாங்க. அத்தை கையெழுத்துப் போட்டுச்சு. "காலு போனா போவட்டும், அது ஏற்கெனவே எம் புள்ளைக்கு வேலை செய்யல"ன்னுச்சு. ஆனா மயக்க மருந்து தாங்குற அளவுக்கு ரத்த அழுத்தம் ஏறல. காத்திருந்தோம்.

ஐசியூவுல கொஞ்ச நேரம்தான் உள்ள வுடுவாங்க. ஒரு மத்தியானம் மாமாவுக்கு நல்ல நெனவு. நான் பழக்க தோசத்துல இடது கால் வெரலத் தொட்டு, "தெரியுதா மாமா?"ன்னேன். மாமா கண்ண மூடல. என்னையே பார்த்துச்சு.

"இல்ல புள்ள."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே."

"எப்பவும் தெரியல."

எனக்கு வெளங்கல. "அப்பறம் எப்பிடி குதிகாலு, முட்டின்னு சரியாச் சொன்ன?"

"ஒங் கையில கண்ணாடி வளையல் இருக்குதில்ல. கிட்ட கொண்டாந்தா சிணுங்கும். எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னு பார்த்து சொல்லுவேன்."

"ஆஸ்பத்திரியில டாக்டரு தொட்டப்ப?"

"அப்ப ஒரக்கண்ணால ஒன்னப் பார்த்தேன். நீ மூச்சப் புடிச்ச. சரி, தொட்டுட்டான்னு, எப்பவும் மொதல்ல தொடுற கட்ட வெரலச் சொன்னேன். நீ சிரிச்ச பாரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்குச்சு. "அதுக்கப்பறம் தெரியலன்னு சொல்ல வாய் வரல."

நான் திட்டல. ஏன் மாமா ஏன் மாமான்னு அதையே கேட்டுகிட்டு நின்னேன். நர்ஸு வந்து நேரம் ஆச்சுன்னாங்க. மாமா கைய மட்டும் தூக்கி என் வளையலத் தொட்டு ஆட்டி வுட்டுச்சு. மறுநாளு நான் டீ வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. டீ சூடா கையிலயே இருந்துச்சு.

*

பத்தாம் நாளு என் வளையல ஒடைச்சாங்க. அதெல்லாம் வேணாம்னு அத்தை தடுத்துப் பார்த்துச்சு, சொந்தக்காரங்க கேக்கல. எனக்கு அது மேல வருத்தம் இல்ல. அந்த வளையல் மேல எனக்கே கோவம் இருந்துச்சு.

வேலைக்குத் திரும்பிப் போனப்ப சூளைய பிரிச்சு சரி பண்ணிகிட்டு இருந்தாங்க. சூளைக்கு உள்பக்கம் சூடு வெளிய வராம இருக்க வெள்ளையா கம்பளி மாதிரி ஒண்ணு சுத்துவாங்க. கிழிஞ்ச துண்டெல்லாம் மூலையில போட்டிருந்தாங்க. வருசக் கணக்கா நான் அத தாண்டித்தான் நடந்திருக்கேன். உள்ள அவ்ளோ நெருப்பு எரியும், வெளிய கைய வெச்சா வெதுவெதுன்னுதான் இருக்கும். மேஸ்திரிகிட்ட கேட்டேன், குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்கன்னாரு. அத அங்கயே கட்டிப் புடிச்சுகிட்டு ஒக்காந்துட்டேன். ஒடம்பெல்லாம் அரிச்சுது. எழுந்திரிக்க முடியல.

இப்ப அந்த சைலன்சர சுத்தி அந்தக் கம்பளி இருக்குது. மேல தகரம் அடிச்சு, அதுக்கு மேல கம்பி வேலி. கால் பலகைக்கு ஓரத்துல உசரமா தடுப்பு. வாரு புதுசு. பட்டறைக்காரரு தலையில அடிச்சுகிட்டு அவரே செஞ்சு குடுத்தாரு, கூலி வாங்கல. வண்டி இப்ப சரியா இருக்குது. ஆளு இல்ல.

கதிர அன்சாரி அண்ணன்தான் கூட்டிகிட்டு வந்தாரு. நல்ல பையன். வண்டியப் பார்த்ததுமே மூஞ்சி மாறிடுச்சு, மாமா மூஞ்சி மாதிரியே. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து பொட்டல்ல ஓட்டிப் பழகுறான். திரும்பத் தெரியுது, காத்து பாக்கத் தெரியுது. சாவியக் குடுத்துடும்மான்னு அவங்கம்மா கேட்டாங்க. குடுக்கத்தான் நானும் எடுத்தேன். அதுக்கு முன்னாடி கீழ ஒக்காந்து அவன் செருப்பக் கழட்டுனேன்.

"கால்ல தெரியுதாப்பா ஒனக்கு?"

அவங்கம்மா முந்திகிட்டாங்க. "இப்பல்லாம் நல்லாத் தெரியுதும்மா. நான் தொட்டா சொல்லிடுறான்."

"கண்ண மூடிக்க கதிரு"ன்னேன்.

மூடுனான். எங் கையி இப்ப மொட்டையா இருக்குது, கொண்டு போனா சத்தம் வராது. அவங்கம்மா முந்தானையப் புடிச்சுகிட்டு என் கையவே பார்த்துகிட்டு நின்னாங்க. அவன் கண்ணு முழுசா மூடல, இமை துடிக்குது, அவங்கம்மா பக்கமா.

"இப்ப தெரியுதா?"ன்னேன்.

"தெரியுதுக்கா"ன்னான். "கட்ட வெரலு."

நான் இன்னும் தொடவே இல்ல.